தோற்ற பிறகு எல்லோரும் கேப்டன்தான்

(நாகலாபுரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லைப் பக்கத்து ஊரான நாகலாபுரத்தில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. இங்கே சென்னை அணிக்காரரும் ஹைதராபாத் அணிக்காரரும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தமிழில் திட்டுவார், மற்றவர் தெலுங்கில் பதில் கொடுப்பார், இரண்டும் இருவருக்கும் புரியும். வேதநாராயணர் கோயிலில் சூரிய பூஜை நடக்கிற மார்ச் மாதக் கடைசியில் ஐபிஎல்லும் ஆரம்பித்துவிடும். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு இந்த ஊரில் கேப்டன்களுக்குப் பஞ்சமே கிடையாது.

"யார்யா இவனுக்குக் கடைசி ஓவரைக் கொடுத்தது?" இந்தக் கேள்வியைக் கேட்காத ரசிகர் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. நானும் கேட்டவன்தான். அந்தக் கேள்வியை நாம் எப்போது கேட்கிறோம், எதை வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், இந்த ஆட்டம் நம்மை ஏன் கேப்டனாக்குகிறது? கால்பந்தில் பந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, யோசிக்க நேரமில்லை. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஆட்டம் நிற்கிறது. பந்துவீச்சாளர் திரும்பி நடக்கிறார், கேப்டன் கையைக் காட்டி ஃபீல்டரை நகர்த்துகிறார். அந்த இடைவெளியில் நாமும் மனதுக்குள் ஒரு ஃபீல்டரை நகர்த்திவிடுகிறோம். உலகத்தில் இதே குணமுள்ள இன்னொரு பெரிய ஆட்டம் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கேயும் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும். அடுத்து பந்தை எறிவதா, கையில் வைத்துக்கொண்டு ஓடுவதா என்பதைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் முடிவு செய்து, குவார்ட்டர்பேக் என்கிற ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் வழியாகச் சொல்வார். நம் ஆட்டத்திலும் ஒருவர் அதை முயன்றார். 1999 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில், தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே காதில் கருவி மாட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே இருந்து பேசியவர் பயிற்சியாளர் பாப் உல்மர். ஆட்டத்தின் நடுவிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஆக, கிரிக்கெட்டில் களத்துக்குள் முடிவெடுப்பவர் கேப்டன். பழி விழ ஒரு முகம் தயாராக நிற்கிறது.

அந்த முகங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2007 மார்ச் 17. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது. மகேந்திர சிங் தோனி ரன் எதுவும் எடுக்கவில்லை. ராஞ்சியில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 24. ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், கையில் ஒரே ஒரு விக்கெட். அனுபவசாலியான ஹர்பஜன் சிங்குக்கு இன்னும் ஒரு ஓவர் மிச்சமிருக்கிறது. அதற்குள் கேப்டனாகியிருந்த தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார்.

முதல் பந்து வைடு. அடுத்தது ரன் இல்லை. அதற்கடுத்த பந்தை மிஸ்பா உல் ஹக் சிக்ஸர் அடித்தார். நான்கு பந்தில் ஆறு ரன். அந்த நிமிடத்தில் நாட்டில் எத்தனை பேர் தோனியைத் திட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அடுத்த பந்தை மிஸ்பா பின்பக்கமாகத் தூக்கினார், ஷார்ட் ஃபைன் லெக்கில் ஸ்ரீசாந்த் பிடித்தார். இந்தியா ஐந்து ரன்னில் வென்றது. அன்றிலிருந்து அது "தோனியின் மாஸ்டர் பிளான்."

யோசித்துப் பாருங்கள். பந்து இரண்டு கெஜம் தள்ளிப் போயிருந்தால்? ஜோகிந்தருக்கு ஓவர் கொடுத்த காரணம் மாறியிருக்குமா? ஹர்பஜனின் முந்தைய ஓவரில் மிஸ்பா மூன்று சிக்ஸர் அடித்திருந்தார் என்ற தகவல் மாறியிருக்குமா? எதுவும் மாறியிருக்காது. தீர்ப்பு மட்டும் தலைகீழாக மாறியிருக்கும். அப்படி மாறிய தீர்ப்பைச் சுமந்தவர் ஒருவர் இருக்கிறார். 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் நான்கு ரன் தேவை. சேத்தன் சர்மா போட்ட பந்து ஃபுல்டாஸாகப் போனது, ஜாவேத் மியாந்தத் சிக்ஸர் அடித்தார். மறு ஆண்டே உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் இதே சேத்தன் சர்மாதான். அவர் பெயரைச் சொன்னதும் இந்த அவையில் பெரியவர்களுக்கு எது ஞாபகத்துக்கு வந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இனி டாஸுக்கு வருவோம். ஒரே முடிவு, மூன்று ஆட்டம், மூன்று தீர்ப்பு.

1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரையிறுதி. டாஸ் வென்ற அசாருதீன் இலங்கையை முதலில் ஆடச் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பதினொரு நாள் முன்பு டெல்லியில் இந்தியா 271 அடித்தும், இலங்கை அதை எளிதாகத் துரத்தி வென்றிருந்தது. துரத்துவதில் அவர்கள் புலிகள். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? முதல் ஓவரிலேயே ஸ்ரீநாத் பந்தில் கலுவிதரனவும் ஜயசூரியாவும் அவுட். ஒரு ரன்னுக்கு இரண்டு விக்கெட்! அந்தப் பத்து நிமிடம் அசாருதீன் மேதை. இரவில் பிட்ச் உடைந்து பந்து சுழன்றது. சச்சின் 65 ரன்னில் ஸ்டம்ப்டு ஆனார். 98-க்கு ஒரு விக்கெட் என்றிருந்த அணி 120-க்கு எட்டு விக்கெட் என்று சரிந்தது. பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கை வென்றதாக அறிவித்தார். அசாருதீன் துரோகியானார்.

2003 மார்ச் 23, ஜோகன்னஸ்பர்க், இறுதி ஆட்டம். டாஸ் வென்ற கங்குலி ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னார். பிட்ச்சில் ஈரம் இருந்தது. நம் வேகப்பந்து வீச்சாளர்கள் அந்தத் தொடர் முழுக்க நன்றாக வீசியிருந்தார்கள். ஜாகிர் கானின் முதல் ஓவரில் 15 ரன் போனது. ஆஸ்திரேலியா 359 எடுத்தது. "இறுதி ஆட்டத்தில் எவனாவது முதலில் ஃபீல்டிங் எடுப்பானா?" என்பது அப்போது ஊரெல்லாம் கேட்ட கேள்வி.

இருபது ஆண்டு கழித்து, 2023 நவம்பர் 19, அகமதாபாத். இறுதி ஆட்டத்தில் டாஸ் வென்ற பாட் கம்மின்ஸ் ஃபீல்டிங் எடுத்தார். ரோஹித் சர்மாவோ டாஸ் வென்றிருந்தால் பேட்டிங்தான் எடுத்திருப்பேன் என்று அங்கேயே சொன்னார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாமும் கம்மின்ஸ் தப்புப் பண்ணிவிட்டார் என்று கையைத் தட்டினோம். இந்தியா 240. பிறகு டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். மறுநாள் கம்மின்ஸ் பிட்ச்சைப் படிக்கத் தெரிந்த கேப்டன் ஆகிவிட்டார்.

மூன்று முடிவும் சமமானவை என்று நான் வாதிடவில்லை. பிட்ச் வேறு, அணி வேறு, பனி வேறு. ஒன்று நல்ல முடிவாகவும் இன்னொன்று மோசமான முடிவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் எது நல்லது, எது மோசம் என்று நாம் பிட்ச்சையும் பனியையும் வைத்தா முடிவு செய்தோம்? ஸ்கோர்போர்டைப் பார்த்துத்தான் செய்தோம்.

அமெரிக்காவில் இதற்குப் பெயர்போன உதாரணம் ஒன்று இருக்கிறது. 2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். சியாட்டில் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறது. எதிரணியின் கோட்டைத் தொட ஒரே ஒரு யார்டு பாக்கி. ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்கும் குறைவு. மார்ஷான் லிஞ்ச் என்று முரட்டு ஓட்டக்காரர் ஒருவர் அந்த அணியில் இருக்கிறார். அவரிடம் பந்தைக் கொடுத்தால் இடித்துக்கொண்டு போய்விடுவார் என்று அமெரிக்காவே காத்திருந்தது. பயிற்சியாளர் பீட் கேரல் அணி பந்தை எறிந்தது. மால்கம் பட்லர் என்ற புது ஆள் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது. வரலாற்றிலேயே படுமோசமான முடிவு என்று மறுநாள் எழுதினார்கள்.

கேரலின் கணக்கு வேறு. எறிந்த பந்து கைக்குச் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஓடி மாட்டிக்கொண்டால் கடிகாரம் ஓடும். அவரிடம் ஒரே ஒரு டைம் அவுட்தான் மிச்சம். ஒருமுறை எறிந்து பார்த்தால் மூன்று முயற்சிக்கு நேரம் கிடைக்கும். மூன்று முறையும் ஓடப் பார்த்தால் நேரம் போதாது. அந்த இடத்திலிருந்து எறியும் பந்து எதிராளி கையில் சிக்குவது மிக அபூர்வம். அந்த அபூர்வம் அன்று நடந்தது. பிறகு போக்கர் ஆட்டக்காரி ஆனி டியூக், முடிவெடுப்பதைப் பற்றி 2018-ல் வெளியிட்ட தன் புத்தகத்தை இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்கினார்.

நம் மனதின் இந்தக் கோணலை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி இருவரும் 1988-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மருத்துவர் இதய நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்வதென்று முடிவெடுக்கிறார். அவருக்குத் தெரிந்த தகவல்கள் அனைத்தையும் ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு கதையில் நோயாளி பிழைத்தார், இன்னொன்றில் இறந்தார். மற்றபடி கதையில் ஓர் எழுத்து மாறவில்லை. பிழைத்த கதையில் முடிவுக்குக் கூடுதல் மதிப்பெண், இறந்த கதையில் குறைந்த மதிப்பெண். விளைவைப் பார்த்து மதிப்பிடக் கூடாது என்று ஒப்புக்கொண்டவர்கள்கூட அப்படித்தான் மதிப்பிட்டார்கள். ஆக, இது டீக்கடைப் பெஞ்சின் குற்றம் மட்டுமல்ல.

இந்தப் பகுதியில் மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பருவம் பார்த்து, நல்ல விதை வாங்கி, நாள் தவறாமல் விதைத்தவனின் காட்டில் மழை பொய்க்கிறது. கண்டபடி தாமதித்தவனின் காட்டில் கடைசி மழை பெய்து காய் பிடிக்கிறது. அதற்காக அடுத்த ஆண்டு யாரிடம் போய் யோசனை கேட்பீர்கள்? அந்த விவேகம் நமக்கு நிலத்தில் இருக்கிறது. டிவி முன்னால்தான் இல்லாமல் போகிறது.

"அப்படியென்றால் ரசிகன் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். டிக்கெட் வாங்குகிறவனுக்குப் பேச உரிமை உண்டு, பல நேரம் அவன் சொல்வது சரியாகவும் இருக்கிறது. 2019 ஜூலை 10, மான்செஸ்டர், உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்தின் 239 ரன்னைத் துரத்திய இந்தியா ஐந்து ரன்னுக்கு மூன்று விக்கெட்டை இழந்தது. நிதானமாக நின்று ஆட ஒரு மூத்த கை வேண்டிய நேரம். ஐந்தாவதாக தினேஷ் கார்த்திக் வந்தார், ஆறாவதாக ஹர்திக் பாண்டியா வந்தார். தோனி ஏழாவதாகத்தான் வந்தார். பதினெட்டு ரன்னில் தோற்றோம். இந்த விமர்சனத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பாண்டியா படியிறங்கியபோதே "தோனி எங்கே?" என்று ரசிகர்கள் கத்தினார்கள். கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டுத் தோனி ரன் அவுட் ஆவதற்கு ரொம்ப நேரம் முன்பே சொல்லப்பட்ட சொல் அது. முடிவு தெரியாதபோது சொன்ன சொல்லுக்கு எடை அதிகம்.

அதே உலகக் கோப்பையில் எடையே இல்லாத தீர்ப்பையும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 15 அன்று அணியை அறிவித்தபோது, குண்டூரில் பிறந்த அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு, தமிழ்நாட்டின் விஜய் சங்கரை எடுத்தார்கள். தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத், விஜய் சங்கரிடம் மூன்று பரிமாணம் இருக்கிறது என்றார்: பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங். உலகக் கோப்பையைப் பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ராயுடு கிண்டலாக எழுதினார். எல்லைப் பக்கத்து ஊர்களில் இந்த வாதம் எவ்வளவு குழப்பமாகியிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. விட்டுப்போனவர் ஆந்திரக்காரர், அப்போது ஆடியதோ சென்னை சூப்பர் கிங்ஸுக்கு, எடுக்கப்பட்டவர் தமிழர், எடுத்தவர் ஆந்திரக்காரர். எந்தப் பக்கம் சேருவது?

ஜூன் 16-ஆம் தேதி பாகிஸ்தானுக்கு எதிராக, காயம்பட்ட புவனேஷ்வர் குமாரின் ஓவரை முடித்துவைக்க வந்த விஜய் சங்கர், உலகக் கோப்பையில் தன் முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கை எல்பிடபிள்யூ ஆக்கினார். அன்று ராத்திரி முப்பரிமாணம் தீர்க்கதரிசனம் ஆனது. அடுத்த சில ஆட்டங்களுக்குப் பிறகு கால்விரல் காயத்தால் அவர் ஊர் திரும்பினார். தேர்வு முட்டாள்தனம் ஆனது. ஒரு பந்தாலோ ஒரு விரலாலோ அந்தத் தேர்வு சரியாகவோ தவறாகவோ ஆகிவிடாது. நான்காம் இடத்துக்குப் பல மாதம் ஒருவரை ஆடவைத்துப் பழக்கிவிட்டு, கடைசி நேரத்தில் மாற்றுவது புத்திசாலித்தனமா என்ற கேள்வி ஏப்ரலிலேயே கேட்கக்கூடியது. அதை அப்போது கேட்டவருடன் நான் வாதாடத் தயார். ஜூலையில் கேட்டவருக்கு டீ வாங்கித் தருவேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று தோன்றலாம். நம் தீர்ப்பு நம்மோடு நின்றுவிட்டால் நானும் விட்டுவிடுவேன். அது களத்துக்குள் போகிறது. பழிக்குப் பயந்த கேப்டன், எல்லோரும் செய்வதையே செய்வான். வழக்கமானதைச் செய்து தோற்றால் "என்ன செய்வது, அதிர்ஷ்டம் இல்லை" என்பார்கள். புதிதாக ஒன்றைச் செய்து தோற்றால் வீட்டின் மேல் கல் விழும்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. டேவிட் ரோமர் என்ற பொருளாதார அறிஞர் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கன் ஃபுட்பாலில் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி உண்டு. நான்காவது முயற்சியில் பெரும்பாலான அணிகள் பயந்து பந்தை உதைத்துவிடும். துணிந்து முன்னேறுவதே லாபம் என்று கணக்குச் சொல்லும் இடங்களிலும் அவர்கள் உதைத்துவிடுகிறார்கள் என்று ரோமர் காட்டினார். 2009 நவம்பர் 15 அன்று, அதற்குள் மூன்று கோப்பை வென்றிருந்த பில் பெலிசிக் என்ற பயிற்சியாளர் துணிந்தார். ஆறு புள்ளி முன்னிலை, இரண்டு நிமிடம் பாக்கி, நான்காவது முயற்சியில் இரண்டு யார்டு வேண்டும். உதைக்காமல் முன்னேறப் பார்த்தார், கிடைக்கவில்லை. 35–34 என்று தோற்றார். நாடே சிரித்தது. இன்று அந்த ஆட்டத்தில் நான்காவது முயற்சியில் துணிகிற அணிகள் மிகவும் கூடிவிட்டன. அன்று சிரித்தவர்களின் அணிகளும் அதில் உண்டு.

இந்தப் பயத்துக்கு நமக்கு அருகிலும் உதாரணம் இருக்கிறது. 2001 மார்ச்சில் கொல்கத்தாவில் ஸ்டீவ் வா இந்தியாவுக்கு ஃபாலோ ஆன் கொடுத்தார். லக்ஷ்மண் 281, திராவிட் 180. ஒரு நாள் முழுக்க இருவரையும் பிரிக்க முடியவில்லை. ஆஸ்திரேலியா 171 ரன்னில் தோற்றது. டெஸ்ட் வரலாற்றில் ஃபாலோ ஆன் வாங்கிய அணி வென்றது அது மூன்றாவது முறைதான். அது அத்தனை அபூர்வமாக இருந்தும், ஃபாலோ ஆன் கொடுப்பதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் கொல்கத்தாவை இழுக்காமல் யாரும் பேசுவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "முடிவைப் பார்க்காதீர்கள், எங்கள் வழிமுறையைப் பாருங்கள்" என்று தோற்ற அணிகள் பேட்டி கொடுப்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. ஒரு தோல்வி எதையும் நிரூபிக்காது என்பது உண்மை. ஒரே மாதிரியான பத்துத் தோல்வி நிச்சயம் எதையோ சொல்கிறது. எனவே விளைவைப் பார்க்கலாம், கூட்டிப் பார்க்க வேண்டும். ஓர் ஓவரை வைத்துக் கேப்டனைத் தூக்கிலிடக் கூடாது. மூன்று சீசனை வைத்துத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

எல்லாம் சொன்ன பிறகும் சில முடிவுகளில் நேர்மையானவர்களே இரண்டாகப் பிரிவார்கள். 2019 மே 12, ஹைதராபாத், ஐபிஎல் இறுதி. கடைசி ஓவரில் சென்னைக்கு ஒன்பது ரன் வேண்டும். மும்பைக் கேப்டன் ரோஹித், மூன்று ஓவரில் 42 ரன் கொடுத்திருந்த மலிங்காவிடம் பந்தைக் கொடுத்தார். அன்றைய கணக்கை நம்புவதா, பத்தாண்டு அனுபவத்தை நம்புவதா? மலிங்கா ஏழு ரன் கொடுத்து, கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூரை எல்பிடபிள்யூ ஆக்கினார். சென்னை ஒரு ரன்னில் தோற்றது. ரோஹித் செய்தது சரியென்று என்னால் இன்றும் அடித்துச் சொல்ல முடியாது. மும்பை வென்றது என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

பிறகு எதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்வது? அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. திருக்குறளின் பொருட்பாலில் 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அதைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்காகச் சொன்ன வரிசை கேப்டனுக்கும் பொருந்தும். என்ன கிடைக்கும், என்ன போகும் என்று எண்ணிப் பார்த்தானா? தன் பந்துவீச்சாளரின் பலமும் எதிரியின் பலமும் தெரிந்திருந்ததா? எந்த ஓவர் என்று பார்த்தானா? எந்த மைதானம், எந்தப் பிட்ச் என்று பார்த்தானா? நான்கும் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கேட்கக்கூடியவை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சீசனில் கடைசி ஓவர் வரும்போது, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் முதலிலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. பிறகு வாதாடுங்கள். தப்பாகப் போனால் உங்களையும் நாலு பேர் கேலி செய்வார்கள். கேப்டன் தினமும் வாங்குகிற அந்த அடியில் கொஞ்சம் நாமும் வாங்கினால், நம் விமர்சனத்துக்கு மரியாதை வரும். துணிந்து தோற்றவனைப் பொறுக்கிற ரசிகர்கள் இருந்தால்தான் துணிகிற கேப்டன்கள் கிடைப்பார்கள்.